கூடி நடக்கும் கரையோரக் காட்டுவழி

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது ஈழத்துத் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒற்றுமையின் வலிமையை எடுத்துரைக்க மேடைகளிலும் பாடசாலைகளிலும் இதனைக் கூறுவது வழக்கம். ஆனால், பழமொழியில் வரும் அடம்பன் கொடியைக் கூர்ந்து நோக்கியவர்கள் ஒருசிலரே. ஆட்டின் குளம்பைப் போல் நுனி பிளந்த இலையும் இளம் ஊதா நிறப் பூவும் உடைய அக்கொடி, அலை வந்து மீளும் எல்லைக்குச் சற்று மேலே, வெறும் மணலில் படர்ந்து கிடக்கும். தனிக்கொடி ஒன்றைப் பற்றி இழுத்தால் அது எளிதில் கையோடு வந்துவிடும். பல கொடிகள் பின்னிப் பிணைந்து கிடக்கும் இடத்திலோ, கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்று அள்ளிச் செல்லும் மணலை அவை பிடித்து நிறுத்துகின்றன. அவ்வாறு தங்கிய மணலே காலப்போக்கில் மேடாக உயர்கிறது. மேட்டின் மறைவில் புதர் முளைக்கிறது. புதருக்குப் பின்னே மரம் வளர்கிறது. கரையோரக் காட்டின் தொடக்கம் இந்த எளிய கொடியே எனலாம்.

இக்காட்டின் ஓரமாக ஒரு பகற்பொழுது கூட்டமாக நடந்து மீளும் பயணத்தைப் பற்றியே இங்கு கூறப்படுகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கரையோரமாக அமைந்த முஸ்லிம் ஊர்களுக்கும், அவற்றோடு இடையிட்டுக் கிடக்கும் பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் முதலிய தமிழ் ஊர்களுக்கும் கடல் ஒருபுறமும் வயல்வட்டை மறுபுறமுமாக இருக்கின்றன. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் நெருக்கமான ஊர்கள் இவை. இளைஞர்களுக்கு விளையாட்டுக் கழகங்கள் உண்டு. மாலையில் கடற்கரை உண்டு. ஆயினும், தெற்கே சில மணி நேரப் பயணத்தில் இலங்கையின் மிகச் சிறந்த கரையோரக் காடுகளுள் ஒன்று இருக்க, அதனுள் கால் வைத்தறியாதவர்கள் இவ்வூர்களில் ஏராளம்.

இதற்குக் காரணம் மக்களின் சோம்பல் அன்று. போர்க்காலத்தில் காட்டுவழிகள் அடைபட்டன. இன்று குமண தேசியப் பூங்கா எனப்படும் பகுதி 1985ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை மூடப்பட்டிருந்தது. போர் 2009இல் முடிவுற்றது. இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையினருக்குக் காடு என்பது அச்சத்துக்குரிய இடமாக மட்டுமே தெரிந்திருந்தது. எந்த மரத்தின் பழம் உண்ணத் தகும், எந்த முகத்துவாரத்தை எப்போது கடக்கலாம், யானையின் வழித்தடம் எது என்பன போன்ற செய்திகள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்று சேராமல் இடையில் நின்றுபோயின. கூட்டு நடைப்பயணம் இவ்வாறு அறுந்துபோன அறிவைத் திரும்ப முடிந்துகொள்ளும் வழியாகும்.

கூட்டமாக நடந்து செல்லும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று. கண்டி இராச்சிய காலத்தில் கரையோர முஸ்லிம் வணிகர்கள் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி, காட்டுவழியாக உள்நாட்டுக்குக் கொண்டுசென்று, பாக்கும் பிற விளைபொருள்களும் கொண்டு மீண்டனர். இம்மாட்டு வரிசைகளுக்குத் தவளம் என்று பெயர். தவளம் ஓட்டியவர்கள் தனித்துச் செல்வதில்லை. யானைக்கும் கள்வருக்கும் நோய்க்கும் அஞ்சிக் கூட்டமாகவே சென்று, கூட்டமாகவே தங்கினர். அவ்வாறே, யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் நோக்கிச் செல்லும் பாதயாத்திரை அடியார்கள், கல்முனை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தையை அடைந்து, அங்கிருந்து காட்டுக்குள் நுழைகின்றனர். உகந்தை முதல் கதிர்காமம் வரையிலான வனவழியைக் கடக்க அவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து நாட்கள் ஆகின்றன. கதிர்காமத்தில் முருகன் கோவிலோடு முஸ்லிம்கள் போற்றும் பள்ளிவாசலும் ஸியாரமும் இருப்பதை நேயர்கள் அறிவர். ஆகவே, இக்காட்டுவழி எந்த ஒரு சமூகத்தாருக்கும் அந்நியமானதன்று.

மேல்நாடுகளிலும் இவ்வழக்கம் கழகங்களின் மூலமே வளர்ந்தது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களைக் கால்நடையாக அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்தே 1909இல் இளைஞர் விடுதி என்னும் எண்ணம் பிறந்தது. இங்கிலாந்தில் 1932ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் பலர் திரண்டு, வேட்டைக்கென அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் மேட்டுநிலத்தில் நடந்து, நடக்கும் உரிமைக்காகக் குரல் எழுப்பினர். இலங்கையிலும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் ஊடாக முந்நூறு கிலோமீற்றருக்கு நீளும் நடைவழி ஒன்று அண்மை ஆண்டுகளில் வகுக்கப்பட்டுள்ளது. கரையோரத்துக்கோ அத்தகைய வழி இன்னும் வகுக்கப்படவில்லை. ஊரவர் அறிந்த ஒற்றையடிப் பாதைகளே உள்ளன.

கல்முனையிலிருந்து தெற்கே பெருந்தெருவில் சென்றால் ஏறத்தாழ 65 கிலோமீற்றரில் பொத்துவில் வரும். திருக்கோவிலைக் கடந்ததும் ஊர்கள் விலகத் தொடங்கும். கோமாரிக்கு அண்மையிலுள்ள சங்கமன்கண்டி முனையே இலங்கைத் தீவின் மிகக் கிழக்கான நிலமுனை. காலைக் கதிரவனை இத்தீவில் முதலில் காணும் கரைகளுள் அதுவும் ஒன்று. பொத்துவிலுக்கு அண்மையில் கண்டற் காடுகள் சூழ்ந்த களப்பு இருக்கிறது. அதற்குத் தெற்கே அறுகம் குடா. அதனையும் தாண்டினால் யானைக்கல், முதலைக்கல் எனப் பெயர் பெற்ற பாறைகளும், அவற்றின் பின்னே புதர்க்காடும் உள்ளன. பாணமைக்கு அப்பால் உயர்ந்த மணல்மேடுகளும், பழங்காலப் பௌத்தத் துறவியர் வாழ்ந்த கற்குகைகள் நிறைந்த குடும்பிகலக் குன்றும், உகந்தைக் கோவிலும் அமைந்துள்ளன. உகந்தையிலேயே குமண தேசியப் பூங்காவின் வாயில் உள்ளது.

எங்கே நடக்கலாம், எங்கே நடக்கலாகாது என்பதைப் புறப்படுமுன் அறிந்துகொள்வது அவசியம். தேசியப் பூங்காவுக்குள் வாகனத்தை விட்டிறங்கி விருப்பப்படி நடப்பதற்கு அனுமதி இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாதயாத்திரை அடியார்களுக்காக மட்டும், வனசீவராசிகள் திணைக்களத்தின் ஏற்பாட்டோடு, குறித்த நாட்களில் வழி திறந்துவிடப்படுகிறது. ஆகவே, கழகங்கள் தங்கள் பகல்நடையைப் பூங்கா எல்லைக்கு வெளியே, பொத்துவில் களப்பின் ஓரத்திலோ, அறுகம் குடாவுக்குத் தெற்கே கடற்கரையோரமாகவோ, பாணமை மணல்மேடுகளிலோ வைத்துக்கொள்வதே முறை. பூங்காவுக்கு வெளியேயும் வனத்திணைக்களம் காத்துவரும் நிலங்களும் சரணாலயங்களும் உண்டு. உரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து செல்லும் குழுவுக்குப் பின்னர் இடர் இல்லை.

கரையிலிருந்து உள்நோக்கி நடப்பவர்கள் சில நூறு அடிகளுக்குள் பல நிலங்களைக் காண்பர். முதலாவதாக அடம்பன் கொடியும், கூரிய முட்களை உருண்டையாக ஏந்திய இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணற்பரப்பு. அடுத்து, தாழையும் உப்புக்காற்றைத் தாங்கிக் குட்டையாக வளைந்து வளர்ந்த புதர்களும் நிற்கும் மேடு. கடற்காற்று அப்புதர்களின் மேற்புறத்தைச் சீராகச் சரித்து விட்டிருப்பதைக் காணலாம். மேட்டுக்கு அப்பால் பாலை, வீரை, விளா முதலிய மரங்கள் நிறைந்த வறள்காடு. தண்ணீர் ஓடும் இடங்களில் மருத மரம். மருதத்தைச் சிங்கள மக்கள் கும்புக் என்பர். கும்புக்கன் ஓயா என்ற ஆற்றின் பெயரும் அதிலிருந்தே வந்தது. மருதமுனை, சாய்ந்தமருது என்ற ஊர்ப்பெயர்களில் ஒலிப்பதும் அதே மருதமே. தம் ஊரின் பெயரில் நிற்கும் மரத்தை ஆற்றங்கரையில் நேரில் காண்பது இளைஞர்களுக்குத் தனி மகிழ்ச்சி தரும்.

களப்போரத்தில் கண்டலும், மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் பிற சதுப்பு மரங்களும் உள்ளன. மீன்குஞ்சுகளும் இறால்களும் அவ்வேர்களின் நடுவேதான் வளர்கின்றன. கண்டற் காடு அழிந்தால் களப்பு மீனவரின் வலை வெறுமையாகும். சதுப்பு மரங்களுள் தில்லை என்பது ஒன்று. அதன் பால் கண்ணிற் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வைக் கேடும் உண்டாகும். அதனால், அடையாளம் தெரியாத மரத்தின் கொப்பை ஒடிப்பதோ இலையைக் கசக்குவதோ கூடாது என்பது இந்நடையின் முதற் பாடம்.

நடைக்கு ஏற்ற காலம் எது என்பது அடுத்த கேள்வி. அம்பாறைக் கரைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை தொடங்கித் தை மாதம் வரை மழை பெய்து, ஆறுகள் பெருகி, களப்புகளின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும் மணற்றிட்டு உடைந்து, முகத்துவாரங்கள் வேகமாகப் பாயும். அக்காலத்தில் கரைவழி நடப்பது ஆபத்து. மாசி, பங்குனி மாதங்களில் நிலம் பசுமையாகவும் வெயில் பொறுக்கத்தக்கதாகவும் இருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசி நிலத்தை உலர்த்திவிடும். அப்போது முகத்துவாரங்கள் மணலால் அடைபட்டு நடப்பது எளிதாகும். ஆனால் வெயில் கடுமையாகும்.

இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. ஆதலின், இங்கு நடப்பவர்கள் அஞ்சவேண்டியது ஏற்ற நீரை அன்று, முகத்துவாரத்தையே. மேலே அமைதியாகத் தோன்றும் முகத்துவாரத்தின் அடியில் நீரோட்டம் காலை வாரிவிடக்கூடும். நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று கழுத்தளவு ஆகியிருக்கலாம். களப்புகளில் முதலைகளும் உண்டு. அருகிலுள்ள மீன்வாடியில் கேட்டறியாமல் எந்த முகத்துவாரத்திலும் இறங்கலாகாது. கரைவலை இழுக்கும் மீனவர் ஒருவர் ‘வேணாம் தம்பி, சுற்றிப் போங்க’ என்று சொன்னால், வழி இரண்டு மைல் நீண்டாலும் சுற்றிப் போவதே அறிவுடைமை.

நாளின் ஒழுங்கை முஸ்லிம் ஊர்களின் வாழ்க்கை முறையே வகுத்துத் தருகிறது. சுபஹ் தொழுகை முடிந்ததும் புறப்படும் குழு, கல்முனையிலிருந்து வாகனத்தில் சென்று, ஏழு மணியளவில் நடையைத் தொடங்கலாம். வெயில் ஏறுமுன் பாதி வழியைக் கடந்து, லுஹர் நேரத்தில் நிழலான இடத்தில் தங்கித் தொழுது, உணவுண்டு, இரண்டு மணி நேரம் இளைப்பாறலாம். குடிநீர் குறைவாக உள்ள இடத்தில் தூய மண்ணைக்கொண்டு தயம்மும் செய்வதற்கு மார்க்கத்தில் அனுமதி இருப்பதால், குடிநீரை வீணாக்க வேண்டிய தேவை எழாது. அஸர் வேளைக்குள் மீண்டும் வாகனத்தை வந்தடைய வேண்டும். மாலை மயங்கும் பொழுதும் அதிகாலையும் யானைகள் நடமாடும் வேளைகளாகும். மஃரிப் அழைப்பு கேட்கும்போது காட்டோரத்தில் நிற்பவன் நேரத்தைத் தவறவிட்டவனாவான்.

எவ்வளவு தூரம் நடக்கலாம்? ஸ்கொத்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு வகுத்த கணக்கு ஒன்று உண்டு. சமநிலத்தில் மணிக்கு மூன்று மைல், ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர், என்பது அவர் கண்ட வேகம். ஆனால் அது கெட்டியான நிலத்துக்கு உரியது. மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சக்தி செலவாகிறது என்று 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கால் பதியும்போது மணல் பின்னோக்கி நழுவுவதும், தசைகளின் உழைப்பில் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே செலவாவதும் இதற்குக் காரணம். ஈர மணலில் கால் புதையாது. எனவே அலைக்கு அருகிலுள்ள ஈரப் பட்டையில் நடப்பது களைப்பைக் குறைக்கும். இவற்றையெல்லாம் கணக்கிட்டால், பழக்கமில்லாதவர்கள் உள்ள குழுவுக்கு ஒரு நாளில் பத்துக் கிலோமீற்றர் போதுமானது.

குழுவின் ஒழுங்கே பயணத்தின் உயிர். முன்னே செல்பவர் வழி அறிந்தவராக இருத்தல் வேண்டும். இவ்வூர்களில் இளைஞர்கள் மூத்தவரைக் காக்கா என்று அழைப்பர். அத்தகைய ஒரு காக்கா முன்னே சென்றால், அவரைத் தாண்டி எவரும் செல்லலாகாது என்பது விதி. கடைசியாக வருபவர் முன்னே செல்பவரைப் போலவே அனுபவமுடையவராக இருத்தல் வேண்டும். அவருக்குப் பின்னே எவரும் தங்கக் கூடாது. நடுவில் முதலுதவி அறிந்த ஒருவர் நடப்பார். புறப்படும்போதும், ஒவ்வொரு தங்கலிலும், முகத்துவாரத்தைக் கடந்த பின்னரும் தலை எண்ணப்படும். எல்லோருக்கும் வேகம் வகுப்பவர் குழுவில் மிக மெதுவாக நடப்பவரே. வலிமையுடைய இளைஞர்களுக்கு இது முதலில் பொறுமையைச் சோதிப்பதாக இருக்கும். ஆனால், காட்டில் வழி தவறியவர்களின் கதைகளை ஆராய்ந்தால், பெரும்பாலும் அவை ‘நாங்கள் முன்னே போகிறோம், நீங்கள் பின்னால் வாருங்கள்’ என்ற சொல்லில் தொடங்குவதைக் காணலாம். அடம்பன் கொடி அறுவது பின்னல் அவிழ்ந்த இடத்திலேதான்.

குழுவும் அளவோடு இருத்தல் வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை ஒருவரையொருவர் கண்ணிற் காணத்தக்க வரிசையாகச் செல்லலாம். அதற்கு மேற்பட்டால் இரண்டு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவரை அமர்த்துவது நன்று. குடும்பமாகச் செல்ல விரும்புவோருக்கும், தாய்மாரும் சகோதரிகளும் தமக்குள் அமைத்துக்கொள்ளும் குழுக்களுக்கும் இவ்விதிகள் யாவும் பொருந்தும். தமிழகத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைக்காட்டில் 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் மலைநடை சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் எத்துணை விரைவில் தீப்பற்றும் என்பதற்கு அந்நிகழ்ச்சி என்றும் நினைவிற்கொள்ளத்தக்க எச்சரிக்கை. கச்சான் காற்றுக் காலத்தில் அம்பாறைக் கரையோரப் புல்லும் அவ்வாறே காய்ந்து கிடக்கும். ஆகவே நடைக்குழுவினர் தீ மூட்டிச் சமைக்க நினைக்கலாகாது. புகைப்போர் அன்றைக்கு அதனை விட்டுவிடுதல் வேண்டும்.

இனி, விலங்குகளைப் பற்றிச் சில சொற்கள். யானைக்கு மோப்பம் மிகுதி. பார்வை அத்துணைக் கூர்மையன்று. காற்று மனிதரிடமிருந்து யானையை நோக்கி வீசினால் அது முன்பே அறிந்து விலகிச் செல்லும். எதிர்த்திசையில் வீசினால் இருவரும் எதிர்பாராமல் சந்திக்க நேரும். ஈரமாகக் கிடக்கும் இலத்தியும், புதிதாக முறிந்த கொப்பும், மரத்தில் காயாத சேறும் அண்மையில் யானை இருப்பதன் அடையாளங்கள். அவற்றைக் கண்டால், முன்னே செல்பவர் கை உயர்த்த, குழு முழுவதும் நின்று, ஓசையின்றித் திரும்புதல் வேண்டும். படம் எடுக்கும் ஆவலில் அருகே செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். கன்றோடு நிற்கும் யானையும் தனித்துத் திரியும் கொம்பனும் மிக்க அபாயம்.

கரடியின் இயல்பு வேறு. பாலைப்பழம் பழுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் கரடிகள் பாலை மரங்களை நாடி வரும். பழத்தில் மனம் ஊன்றியிருக்கும் கரடி, மனிதன் மிக அருகில் வரும்வரை அறியாது, திடுக்கிட்டால் பாய்ந்துவிடும். ஆதலால், பாலைக்காட்டு ஓரத்தில் பேசிக்கொண்டும் இடையிடையே கைதட்டிக்கொண்டும் நடப்பதே பாதுகாப்பு. யானைக்கு அமைதி, கரடிக்கு ஓசை என்ற வேறுபாட்டை எப்போது கைக்கொள்வது என்பதை வழியறிந்தவரே தீர்மானிப்பார். குழுவில் அவர் இருக்கவேண்டிய அவசியமும் இதனாலேயே.

பாம்புக் கடிக்கு அஞ்சுவோர் உளர். வறண்ட கரையோர மணலில் சுருட்டை விரியனும், புல்வெளிகளில் கண்ணாடி விரியனும் வாழ்கின்றன. கணுக்காலை மூடும் பாதணியும், புதரில் கை நீட்டாத ஒழுக்கமும் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கும். தவறிக் கடித்துவிட்டால், கடிவாயைக் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடியுண்டவரை அசையவிடாமல் தாங்கிக்கொண்டு, விரைவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்ற எண்ணில் இலவச அவசர அம்புலன்ஸ் சேவை உள்ளது. தொலைபேசி இணைப்புக் கிடைக்காத இடங்களும் வழியில் உண்டு. ஆதலின், குழு செல்லும் வழியையும் மீளும் நேரத்தையும் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுதல் நல்லது.

ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று லீற்றர் தண்ணீர் சுமக்க வேண்டும். தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகக் குடிப்பதே முறை. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், மாசிச் சம்பலும் சோறும் கட்டிக்கொண்டு போன முன்னோரின் கட்டுச்சோறு, வெயில் வழிக்குத் தக்க உணவே. தலைவலி, குமட்டல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். அவ்வாறு ஒருவர் சோர்ந்தால் அவரை நிழலில் கிடத்தி, உடலை ஈரத்துணியால் குளிர்வித்து, நடையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பாதியில் திரும்பிய குழுவைத் தோற்ற குழுவென எவரும் கருதலாகாது.

கொண்டுசென்ற உணவுப் பொதி முழுவதும் திரும்பி வரவேண்டும். இது வெறும் அழகுக்காகச் சொல்லப்படுவதன்று. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு என்னும் இடத்தில், திறந்த குப்பைமேட்டில் கொட்டப்பட்ட பிளாஸ்டிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டன என்று 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்திகள் வெளிவந்தன. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான ஊர்களின் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்ற கேள்வியும், காட்டுயானை ஏன் ஊருக்குள் வருகிறது என்ற கேள்வியும் வெவ்வேறானவை அல்ல. காட்டோரம் நடந்து, யானை இலத்தியில் பொலித்தீன் துண்டைக் கண்ணாற் கண்டவருக்கு இதனை வேறொருவர் விளக்கவேண்டியதில்லை.

இவ்வளவு முன்னேற்பாடுகளோடு நடந்து பெறும் பயன் யாது என்று ஒருசிலர் வினவக்கூடும். உடல் நலமும் உள்ளக் களிப்பும் உண்டென்பது தெளிவு. அவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலையை இக்கரை மக்கள் மறக்கவில்லை. இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடலோரத் தெருக்கள் முழுமையாக அழிந்தன. அன்று கரையோரம் எங்கும் அலை ஒரே அளவாக உள்ளே வரவில்லை. உயர்ந்த மணல்மேடு இடையறாது நின்ற இடங்களில் அலையின் வேகம் தணிந்தது. மேடு தாழ்ந்தும் வெட்டப்பட்டும் இருந்த இடங்களிலும், ஆற்று வாய்களிலும் அது தடையின்றிப் புகுந்தது. மரங்கள் மட்டுமே பேரலையைத் தடுத்துவிடும் என்று கூறுவது மிகையாகும். ஆயினும், மணல்மேடும் அதனைப் பிடித்துநிற்கும் கொடியும் புதரும் காடும் சேர்ந்து நின்றால், அவை கரைக்கு ஒரு காவலாகும் என்பதில் ஐயமில்லை.

கரை எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டும் உண்டு. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலைகளால் நகர்த்தப்படுகிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை இடைமறித்தன. தென்புறத்தில் மணல் குவிந்தது. வடபுறத்தில் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரிக்கத் தொடங்கியது. தென்னைகள் சாய்ந்தன, மீனவர் தோணி ஏற்றி வைக்கும் இடத்தை இழந்தனர். மணல் நகர்கிறது என்ற உண்மையை ஏட்டில் படித்தவரைவிட, தெற்கே கட்டுக்குலையாத கரையில் ஒருநாள் நடந்து, பின்னர் ஒலுவிலுக்கு வடக்கே நின்று பார்த்தவர் நன்றாக அறிவார். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் இயற்றப்பட்டது. கடலிலிருந்து உள்நோக்கி முந்நூறு மீற்றர் வரை அச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்கும். சட்டம் ஏட்டில் இருந்தாலும், எந்த மேட்டில் மணல் வெட்டப்படுகிறது, எந்தக் கண்டல் எரிக்கப்படுகிறது என்பதைக் காண்பதற்கு மனிதரின் கண்கள் வேண்டும்.

ஆகையால், நடைக்கழகங்கள் ஓர் எளிய குறிப்பேட்டை வைத்துக்கொள்வது பெரும் பயன் தரும். ஒவ்வொரு நடையின் நாள், வழி, முகத்துவாரத்தின் நிலை, கண்ட பறவைகள், மணல்மேட்டின் உயரம், அடம்பன் படர்ந்திருக்கும் எல்லை ஆகியவற்றை அதில் எழுதிவரலாம். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 1970இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகறிந்த ஈரநிலமாகிய குமணவில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அப்பதிவுகளும் பொறுமையாகப் பார்த்து எழுதியவர்களின் உழைப்பால் கிடைத்தவையே. ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் எழுதப்பட்ட ஒரு கழகக் குறிப்பேடு, கரையின் மாற்றத்தை அரசுக்கும் ஆய்வாளருக்கும் எடுத்துக்காட்டும் சான்றாகும். முதிய மீனவரையும் வயல் காவலரையும் ஒரு நடைக்கேனும் உடன் அழைத்துச் செல்லுதலும் நன்று. மரங்களின் பெயரும் காற்றின் குறியும் அவர்களோடு மறைந்துபோகாமல் இளைஞரிடம் சேரும்.

கூடி நடப்பதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு வாகனமும், தண்ணீரும், கட்டுச்சோறும், வழியறிந்த மூத்தவர் ஒருவரும், அவர் சொல்லுக்குக் கட்டுப்படும் பத்துப்பேரும் போதும். மழை ஓய்ந்து, வயலில் பெரும்போகக் கதிர் முற்றும் மாசி மாதத்து விடுமுறை நாள் ஒன்று முதல் நடைக்கு ஏற்றது. மாலையில் வாகனத்தில் ஏறுமுன், கடைசியில் வருபவர் மீண்டும் ஒருமுறை தலை எண்ண வேண்டும். காலையில் புறப்பட்ட எண்ணிக்கையே மாலையிலும் வருமானால், அன்றைய நடை நிறைவேறியது எனலாம்.